வீரரை எதிர்த்து ஆடிய சாமானியர்

விளையாட்டுச் சரித்திரம் எழுதுவோர் வென்றவர்களின் பெயரையே பெரிதாக எழுதி வைக்கின்றனர். இது உலக வழக்கம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு கட்சிகள் உண்டல்லவா? உலகப் பிரசித்தி பெற்ற வீரர் ஒருவர் பந்து வீசினாரென்றால், அந்தப் பந்துக்கு எதிரே மட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றே தீரவேண்டும். அப்படி நின்றவர் சில சமயங்களில் ஒரு குமாஸ்தாவாக இருந்திருப்பார்; அல்லது ஓர் உபாத்தியாயராகவோ கடைச் சிப்பந்தியாகவோ இருந்திருப்பார். மறுநாட் காலையில் வழக்கம்போல் தம் வேலைக்குப் போயிருப்பார். ஆயினும் அந்த ஒரு பிற்பகலை அவர் ஆயுள் உள்ளவரை மறந்திருக்க மாட்டார். பேரன் பேத்திகளிடம் நூறு தடவையேனும் சொல்லியிருப்பார்.

இத்தகைய சாமானியர்களின் ஞாபகங்களைப்பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். பொழுதுபோக்கு விஷயமென்று நேயர்கள் இதை ஒதுக்கிவிட வேண்டாம். பெரியவரும் சிறியவரும் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்று, ஒரே சட்டத்துக்கு உட்பட்டு ஆட முடிகிறதா என்பது, ஒரு தேசத்தின் சமத்துவத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகும் என்பது நமது அபிப்பிராயம்.

பதினொருவரும் இருபத்திருவரும்

இங்கிலாந்தில் வில்லியம் கிளார்க் என்று ஒருவர் இருந்தார். நாட்டிங்காமைச் சேர்ந்தவர், தொழிலில் கொத்தனார். அவர் 1846-ம் வருஷத்தில் அந்நாட்டின் தலைசிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர்களைத் திரட்டி, 'அகில இங்கிலாந்துப் பதினொருவர்' என்ற கோஷ்டியை அமைத்தார். அப்பொழுதுதான் ரயில் பாதைகள் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த காலம். ரயிலேறி இந்தக் கோஷ்டி நகரம் நகரமாகச் சென்று, அவ்வவ்வூர் ஆட்டக்காரர்களோடு பந்தயம் ஆடிற்று. திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்ததால், உள்ளூர்க் கட்சிக்கு ஒரு சலுகை தரப்பட்டது. அக்கட்சி பதினொரு பேருக்குப் பதிலாகப் பதினெட்டுப் பேரையோ, இருபத்திரண்டு பேரையோ இறக்கலாம்!

எண்ணிக்கையைக் கொண்டு திறமைக்கு ஈடுகட்டும் இந்த ஏற்பாடு இக்காலத்தவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதனால் விளைந்த நன்மையை யோசித்துப் பார்க்க வேண்டும். தலைசிறந்த பந்துவீச்சு எப்படியிருக்கும் என்பதைச் சிறு நகரத்து வாலிபர்கள் செவிவழியாக அறியாமல், தம் கைகளில் உண்டான அதிர்ச்சியைக்கொண்டு அறிந்தார்கள். இங்கிலாந்தின் மூலை முடுக்குகளிலெல்லாம் அந்த ஆட்டம் வேரூன்றியதற்கு இந்த யாத்திரைகள் ஒரு முக்கிய காரணமாகும். வீரர்கள் ஜனங்களைத் தேடிப் போனார்கள். ஜனங்கள் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில்

நமக்கு அண்டை நாடாகிய இலங்கையிலும் இதை ஒத்த ஒரு சம்பிரதாயம் நெடுங்காலம் நடந்து வந்தது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கிரிக்கெட் கோஷ்டிகள் கப்பலில் பிரயாணம் செய்த காலத்தில், கப்பல் கொழும்பில் தங்கும். அந்த இடைவேளையில் கரையிறங்கி, உள்ளூர்க் கட்சியோடு ஒரு நாள் ஆட்டம் ஆடிவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். 1882-ம் வருஷத்தில் ஐவோ பிளை என்பவரின் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலீஷ் கோஷ்டி இவ்விதம் கொழும்பில் ஆடிற்று. ஆரம்பத்தில் வெள்ளைக்காரருக்கே உரியதாக இருந்த இந்தச் சந்தர்ப்பம், காலக்கிரமத்தில் சுதேசிகளுக்கும் கிட்டியது.

1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி, டான் பிராட்மன் தலைமையில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலியக் கோஷ்டி கொழும்பில் இறங்கிற்று. இலங்கை சுதந்திரம் பெற்று அப்பொழுது இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. இலங்கைக் கட்சிக்குத் தலைமை வகித்தவர் மகாதேவ சதாசிவம் என்னும் தமிழர். அதற்கு முந்திய வருஷத்தில் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்தியக் கட்சிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. பிராட்மன் அன்று 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். பிராட்மனை இருபதில் வெளியேற்றுவது எந்தக் கட்சிக்கும் பெருமைதான். ஆனால் ஒரு விஷயம் பிறகு வெளியாயிற்று. இரண்டு முனைகளிலும் உள்ள குச்சிகளுக்கு இடையே இருக்கவேண்டிய தூரம் 22 கஜம். அன்று இருந்ததோ 20 கஜமே! அளந்தவர்கள் செய்த பிசகினால் இரண்டு கஜம் குறைந்துவிட்டது.

அந்த ஆஸ்திரேலியக் கோஷ்டி இங்கிலாந்தில் 34 பந்தயங்கள் ஆடி, ஒன்றில்கூடத் தோற்காமல் திரும்பிற்று என்பதை நேயர்கள் அறிவார்கள். அப்பேர்ப்பட்ட கோஷ்டியை எதிர்த்து ஆடிய கொழும்புக்காரர்கள் அந்த நாளைப்பற்றிப் பெருமையுடன் பேசினால் அது நியாயமே. ஆனால் பெருமை பேசும்பொழுது அந்த இரண்டு கஜத்தையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாமானியரின் ஞாபகங்களுக்கு மதிப்பு உண்டாவது இத்தகைய உண்மையினால்தான். வருஷங்கள் செல்லச் செல்ல ஓட்டங்கள் கூடிக்கொண்டே போவது மனித சுபாவம். நேர்மையுள்ளவர் தமது தோல்வியை உள்ளது உள்ளபடி சொல்லுவார். அதனால் அவருடைய கதைக்குச் சுவை கூடுமேயன்றிக் குறையாது.

பூனாவில் பந்து வீசியவர்

இனி நம் தேசத்துக்கு வருவோம். இங்கே இந்த விஷயம் வேடிக்கையாக இருக்கவில்லை. மைதானத்துக்குள் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பதே பெரும் போராட்டமாக இருந்தது.

பல்வங்கர் பாலு என்பவர் 1876-ல் தார்வாரில் பிறந்தவர்; தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான வகுப்பைச் சேர்ந்தவர். பூனாவில் பார்ஸிகளின் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்கு அவர் பெற்ற சம்பளம் மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் சங்கத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு வேலை கிடைத்தது. வலை கட்டுவது, மைதானத்தைச் சீர்செய்வது ஆகிய வேலைகளுக்கிடையே, துரைமார் பழகுவதற்காகப் பந்து வீசுவதும் அவர் கடமையாயிற்று. அக்காலத்தில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் இருந்தவர் ஜே. ஜி. கிரெய்க். அவர் மணிக்கணக்காகப் பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பழகுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதையும் வழங்கிவருகிறது. கதை எப்படியாயினும், நான்கு ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவர் தினந்தோறும் பெரிய ஆட்டக்காரரை எதிர்த்துப் பந்து வீசி, அதனாலேயே தாமும் பெரிய பந்து வீச்சாளராக ஆனார் என்பது உண்மை.

ஆனால் அந்தச் சங்கத்தில் பாலுவின் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு. அது கூலிக்காரருக்கு உரியது. மட்டை பிடிப்பது கௌரவம். அது துரைமார்க்கு உரியது. இப்படியாக ஓர் ஆட்டத்துக்குள்ளேயே வருணாசிரமம் வகுத்துவிட்டார்கள்!

வெள்ளைக்காரரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பூனா ஹிந்துக்கள் தம் கட்சியில் பாலுவைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று விவாதம் செய்தனர். வெற்றி வேண்டுமென்ற ஆசையினால் சேர்த்துக்கொண்டனர். அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் வேளை வந்ததும் அவருக்குப் பந்தலுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1911-ல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தி, அந்நாட்டாரே வியக்கும்படி செய்தார். அப்படியிருந்தும் ஹிந்துக் கட்சியின் தலைமை அவருக்கு ஒருநாளும் அளிக்கப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-ல் அந்தப் பதவியை அடைந்தபொழுதுதான் அநீதி ஓரளவு நீங்கிற்று.

மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்குள்ளே சமத்துவம் நிலவலாம். ஆனால் அது தானாகவே கயிற்றைத் தாண்டி வெளியே வந்துவிடாது. அதைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வருவதற்கு மனிதர்கள் பாடுபட வேண்டும். பாலுவின் சரித்திரம் இந்தப் பாடத்தை நமக்குப் போதிக்கிறது.

வெறுங்காலும் பூட்ஸும்

அதே 1911-ம் வருஷத்தில், ஜூலை மாதம் 29-ந் தேதி, கல்கத்தா மைதானத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்தை வங்காளத்தார் இன்றும் மறக்கவில்லை. ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷைர் பட்டாளத்தின் கட்சி. பூட்ஸ் அணிந்து, பயிற்சியில் தேர்ந்த சிப்பாய்கள். மறுபக்கம் மோகன் பகான் சங்கம். ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத வங்காளி வாலிபர்கள். பதினொருவரில் சுதீர் சாட்டர்ஜி ஒருவர் நீங்கலாக, மற்ற பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். முதலில் பட்டாளத்தார் ஒரு கோல் போட்டனர். மோகன் பகானின் தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டு வெற்றி தேடித் தந்தார். ஆயிரக் கணக்கில் கூடியிருந்த ஜனங்களில் பின்னாலிருந்தோர்க்கு ஆட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றாடி பறக்கவிட்டு அவர்களுக்குக் கோல் கணக்கை அறிவித்தார்களாம்.

பந்தயம் முடிந்ததும் ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின்மேல் பறந்த கொடியைச் சுட்டிக்காட்டி, "அது எப்பொழுது இறங்கும்?" என்று ஆட்டக்காரர்களைக் கேட்டதாகவும், "இந்தக் கேடயத்தை நாங்கள் மறுபடி வெல்லும்பொழுது" என்று பதில் வந்ததாகவும் வங்காளத்தில் ஒரு கதை உண்டு. கதையின் உண்மைக்கு நாம் ஜவாப்தாரியல்ல. ஆனால் மோகன் பகான் சங்கம் அந்தக் கேடயத்தை அடுத்தபடியாக வென்ற வருஷம் 1947 என்பது சரித்திர உண்மை.

ஓர் ஆட்டத்தில் வென்றதனால் சுதந்திரம் வந்துவிடவில்லை. சுதந்திரம் எத்தனையோ பேர் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் வாங்கியது. ஆயினும் எதிரில் நிற்பவனும் நம்மைப்போல் இரண்டு கால்களால் ஓடுபவனே, அவனுக்கும் மூச்சு வாங்குகிறது, அவனும் கீழே விழுகிறான் என்பதைப் பல்லாயிரம் பேர் கண்ணாரக் கண்டார்கள். பயம் தெளிவதற்கு இதைவிட நல்ல மருந்து வேறில்லை. பிரசங்க மேடையில் மணிக்கணக்காகப் பேசியும் ஜனங்கள் மனத்தில் பதியாத விஷயம், அரை நாழிகை ஆட்டத்தில் பதிந்துவிட்டது.

நமது சென்னையிலும் இதற்கு ஒப்பான முயற்சி ஒன்று நடந்தது. சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் சங்கத்தில் இந்தியர்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், புச்சிபாபு நாயுடு 1888-ல் சென்னை ஐக்கிய சங்கத்தை நிறுவினார். வெள்ளைக்காரரும் இந்தியரும் எதிரெதிரே ஆடும் பந்தயம் ஒன்று சென்னையில் நடக்கவேண்டுமென்று அவர் ஏற்பாடு செய்தார். 1908-ம் வருஷ முடிவில், அந்தப் பந்தயத்தைப் பாராமலே காலமானார். ஆனால் அவர் ஊன்றிய விதை பிற்காலத்தில் சென்னைவாசிகள் ஆவலுடன் எதிர்பார்க்கும் பொங்கல் பந்தயமாக வளர்ந்தது. உள்ளே வராதே என்று கதவடைத்தவர்களை ஆட்டத்துக்கு அழைத்தார் அவர். வசை பாடுவதைவிட இது சிறந்த பதில்.

சதுரங்கப் பலகையின் முன்

தேகபலம் வேண்டாத சதுரங்கத்திலும் இதே கதைதான். பஞ்சாபில் சர் உமர் ஹயாத் கான் என்னும் செல்வரிடம் ஊழியராக இருந்த சுல்தான் கான், 1929-ல் எஜமானருடன் இங்கிலாந்து சென்று அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் முன்னாள் உலக வீரர் காபபிளாங்காவையே தோற்கடித்தார். பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பி, உலகத்தின் பார்வையிலிருந்து மறைந்தார். 2024-ம் வருஷத்தில், அவர் இறந்து ஏறக்குறைய 58 வருஷங்கள் கழிந்த பின்பு, சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. காலங்கடந்த மரியாதைதான், ஆயினும் வராமலிருப்பதைவிட மேல்.

சென்னையில் மானுவல் ஆரோன் என்பவர் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அவர் முயற்சியால் சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கச் சங்கம் தோன்றியது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். வென்றவர் உட்கார்ந்தபடியே அடுத்தவருடன் ஆடலாம். உத்தியோகம், வயது, படிப்பு எதற்கும் அங்கே சலுகை கிடையாது. அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகி, பின்னர் உலகச் சாம்பியன் பட்டமும் பெற்றவர் அவர்.

அந்தச் சிறுவரைத் தோற்கடித்து வரிசையின் கடைசிக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. ஆனால் உலக வீரர் ஒருவரைப் பட்டை தீட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. மைதானத்தில் சாமானியருக்கு வீரர் கற்பிக்கிறார் என்பது பாதி உண்மை. வீரரைச் சாமானியர்களே ஆக்குகிறார்கள் என்பது மற்றப் பாதி.

நாம் செய்யவேண்டியது

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், வீரரோடு ஆடித் தோற்றவர் மூன்று லாபங்களுடன் வீடு திரும்புகிறார் என்பது விளங்கும். முதலாவது, திறமையின் உண்மையான அளவு அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து வீரர்களை வாய்க்கு வந்தபடி பழிக்கமாட்டார். இரண்டாவது, வீரரும் மனிதரே என்ற தெளிவு பிறக்கிறது. பிறகு அவர் யாரையும் தெய்வமாக வைத்துத் தீபாராதனை செய்யமாட்டார். மூன்றாவது, தாமும் அந்த ஆட்டத்துக்கு உடையவர் என்ற உரிமை உணர்ச்சி உண்டாகிறது. பழிப்பும் பூஜையும் ஒழிந்து, உரிமையும் மரியாதையும் உள்ள ஜனங்களே சுயராஜ்யத்துக்குத் தகுந்த பிரஜைகள் ஆவார்கள்.

இன்று நிலைமை எப்படியிருக்கிறது? தமிழ்நாட்டு வாலிபர்களின் புகழ் உலகெங்கும் பரவியிருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024-ம் வருஷ முடிவில் சென்னை வாலிபர் குகேஷ் பதினெட்டு வயதிலேயே உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். நாம் இதில் பெருமை கொள்கிறோம். ஆனால் வீரருக்கும் சாமானியருக்கும் நடுவில் நாளுக்கு நாள் சுவர் உயர்ந்துகொண்டே போகிறது. கோடிக் கணக்கில் பணம் புரளும் கிரிக்கெட் பந்தயங்களில் ஜனங்களுக்கு அளிக்கப்பட்டுள்ள வேலை கைதட்டுவதும் டிக்கெட் வாங்குவதுமே. தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பெருகுகிறார்கள். ஆடுவதற்கு இடந்தான் அருகிக்கொண்டே வருகிறது. ஊர்ப் பொது மைதானங்களில் கட்டடங்கள் எழும்புகின்றன. பள்ளிக்கூடங்களில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நேரத்தைப் பரீட்சைப் பாடங்கள் விழுங்கிவிடுகின்றன.

இதற்குப் பரிகாரமாக மூன்று யோசனைகளைப் பொதுஜனங்களின் முன் வைக்கிறோம். நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் தங்கள் வசமுள்ள மைதானங்களை ஒரு சாண் அளவுகூட வேறு காரியத்துக்கு விடலாகாது. விடுவதாகத் தெரிந்தால் ஊரார் திரண்டு தடுக்கவேண்டும். பொதுப் பணத்தில் உதவியும் உத்தியோகமும் பெறும் ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜில்லா நகரங்களுக்குச் சென்று, உள்ளூர்க் கட்சிகளோடு ஆடவேண்டும். சதுரங்க வீரர் ஒருவர் ஒரே சமயத்தில் முப்பது பேரோடு ஆடக்கூடும். இதற்குத் தேவை முப்பது பலகைகளும் ஒரு கூடமுமே. கடைசியாக, வீரர்களை எதிர்த்து ஆடிய முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே அவர்கள் சொல்லும் ஞாபகங்களைப் பள்ளி மாணவர்களும் வாசகசாலைகளும் எழுதி வைக்கவேண்டும். கட்டியவர்களோடு கோபுரத்தின் கதை அழிந்துபோனதுபோல், ஆடியவர்களோடு ஆட்டத்தின் கதையும் அழிந்துபோக விடலாகாது.

பூனாவில் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குப் பந்து வீசியவருக்கு மட்டை மறுக்கப்பட்டது. சுதந்திர தேசத்தில் எந்தச் சிறுவனுக்கும், எந்தச் சிறுமிக்கும், ஜாதியினாலோ ஏழ்மையினாலோ இடமின்மையினாலோ அது மறுக்கப்படலாகாது. நமது குழந்தைகள் மைதானத்தில் இறங்கட்டும், தங்களினும் பெரியவர்களை எதிர்த்து ஆடட்டும், தோற்கவும் தோற்கட்டும். அப்படித் தோற்றுத் திரும்பும் ஆயிரம் பேரிலிருந்துதான் நாளைய வீரர் ஒருவர் தோன்றவேண்டும். அவர் தோன்றும்பொழுது, அவரோடு ஆடியவர்கள் நாங்கள் என்று மார்தட்டிச் சொல்ல மற்றவர்களுக்கும் உரிமை உண்டு.